உங்களைப் படிக்கிறவர்கள்

மிளகு பறிக்க ஏறி, மரத்திலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டும் ஒரு வருசம் என்னோடு இருந்த என் மாமாவுக்கு,

உங்கள் மூளையைப் பற்றி, மலைக்குக் கீழே உங்களுக்கு வைத்தியம் பார்த்த பெரிய டாக்டர் எழுதின கட்டுரை போனில் வந்திருக்கிறது. நம் ஆஸ்பத்திரி நர்சுப் பெண் காட்டினாள். உங்கள் பேர் இல்லை, ஊர் இல்லை. தலைக்குள் எடுத்த படம் மட்டும் இருக்கிறது. எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்று ஓரத்தில் ஒரு எண் போட்டிருக்கிறார்கள். வெளிநாட்டில்கூடப் படிக்கிறார்களாம். நம் வளப்பூரிலேயே உங்களை எட்டிப் பார்க்காதவர்கள் இருக்க, அவர்களுக்கு உங்களிடம் என்ன வேலை மாமா?

எனக்கு அந்த எண் மேலேயே நம்பிக்கை இல்லை. மறுபடி திறக்கச் சொன்னேன். ஒன்று கூடியிருந்தது.

"இப்ப யாரு பார்த்தது கண்ணு?"

"நாமதாங்க அக்கா."

அப்படியென்றால் மற்றவர்களெல்லாம் யார்?

தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டேன். இவள் என் சம்சாரம் இல்லை, அவளை மாதிரியே வந்திருக்கிற வேறொருத்தி என்று நீங்கள் சொன்னது, என் கையால் சோறு வாங்காதது, எல்லாம் இருக்கிறது. அதெல்லாம் நிஜம்தான். ஆனால் சாகும்வரை மனைவியை அவர் நம்பவில்லை என்று டாக்டர் முடித்திருக்கிறார். அந்த மனைவி பாவம் என்று கீழே யாரோ எழுதியிருக்கிறார்களாம்.

கடைசி நாள் டாக்டர் இங்கே இல்லையே, யார் சொன்னது? நர்சுப் பெண்ணைக்கூடச் சந்தேகப்பட்டேன். பார்த்தால், உங்கள் தம்பி. டாக்டர் போன் பண்ணினபோது உங்கள் கருமாதிக் காரியம் முடியவில்லை. வெளியாளிடம் பேசக் கூடாதென்று என்னை உள்ளே உட்கார வைத்திருந்தார்கள். எனக்குப் பதிலாக அவர் பேசியிருக்கிறார்.

"வருசம் பூரா அப்படித்தானுங்க அண்ணி இருந்தாரு. அதைத்தான் சொன்னேன்" என்கிறார்.

ஆனால் அந்தக் கடைசி நாள் காலை வீட்டில் நாம் இரண்டு பேர்தான். குச்சிக்கிழங்கு வேகவைத்து ஊட்டினேன். வாங்கிக்கொண்டீர்கள். "எத்தன வருசமாச் சொல்றேன், உனக்கு உப்புப் போடவே வராதா புள்ள" என்றீர்கள்.

என்னைத்தானே திட்டினீர்கள்? அந்த வேறொருத்தியை இல்லையே?

திங்கட்கிழமை பஸ்ஸில் கீழே போகிறேன். அந்தத் திட்டை அப்படியே டாக்டரிடம் சொல்லி எழுத வைப்பேன். எழுதினதை வரி விடாமல் வாசிக்கக் கேட்காமல் நம்ப மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்சாரமேதான்,
பழனியம்மா