முழங்கையில் ஹெல்மெட்

2010 ஆவணி, வியாழன் இரவு.

இன்று பழுகாமத்தில் வீதிப் பாதுகாப்புக் கூட்டம். பேச வந்த அதிகாரி ஜெகன் அண்ணன். என் கணவரின் கூட்டாளி. இரண்டு பேரும் ஒன்றாகவே மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய் வந்தவர்கள்.

விபத்தில் செத்தவர்களின் கணக்கை வாசித்தார். பெரும்பாலும் ஹெல்மெட் போடாதவர்களாம். பிறகு சொன்னார்: "எங்கட சனத்துக்கு ஹெல்மெட்ட முழங்கையில கொழுவத்தான் தெரியும். தலையில போடத் தெரியாது."

சனம் சிரித்தது.

சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடிகளில் முகம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சுட்டுவிடுவார்கள் என்ற பயம். சாவடிகள் அடுத்தடுத்து இருந்ததால் எல்லோரும் ஹெல்மெட்டை முழங்கையில் கொழுவிக்கொண்டுதான் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். என் கணவர் லொறியில் அடிபட்டுச் செத்த அன்றும் அப்படித்தான். அந்த ஹெல்மெட்டில் ஒரு கீறல்கூட இல்லை. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து தந்ததே ஜெகன் அண்ணன்தான். அன்று அவருடைய ஹெல்மெட்டும் அவர் முழங்கையில்தான் இருந்தது.

கூட்டம் முடிந்ததும் வாசலில் மறித்துக் கேட்டேன்.

"அந்தக் கணக்கில இவரும் இருக்காரா அண்ணன்?"

"ஓம் புள்ள."

"என்னெண்டு போட்டிருக்கு?"

"கவனயீனம் எண்டு."

"ஆர் அப்பிடிப் போட்டது?"

அவர் மோட்டார் சைக்கிளில் ஏறி, ஹெல்மெட்டைப் போட்டு, அதன் கறுப்புக் கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

அதற்குப் பிறகு அவர் முகம் எனக்குத் தெரியவில்லை.