நீ கட்டிய துப்பட்டா

அன்பு சித்திகா,

மாநிலச் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து அணிக்கு என்னை நேற்றுத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். முதலில் உன்னிடம்தான் சொல்லத் தோன்றியது. பள்ளியிலும் கல்லூரியிலும் எல்லோரும் என்னைத்தான் கொண்டாடினார்கள். நான் போட்ட கூடைகளில் பாதி, நீ கொடுத்த பந்தில் விழுந்தவை.

விபத்தன்று ஸ்கூட்டரை ஓட்டியது நீ என்பதால்தான் இரண்டு வருடமாக என்னைப் பார்க்க நீ மலையேறி வரவில்லை என்று உன் அம்மா சொன்னார். எதிரே தாறுமாறாக வந்தது லாரிதானே, சித்திகா? எனக்கு நினைவிருப்பதெல்லாம் வேறு. துப்பட்டாவைக் கழற்றி என் தொடையில் இறுக்கிக் கட்டிவிட்டு, "கண்ண மூடிராத புள்ள, பஸ்ஸு வந்துருச்சு" என்று கத்திக்கொண்டே இருந்தாய். அப்போது பஸ் எதுவும் வரவில்லை. உன் பொய்யை நம்பித்தான் நான் விழித்திருந்தேன்.

"அந்தப் பொண்ணு கட்டலீன்னா நீ பொழச்சிருக்க மாட்டே கண்ணு" என்றார் டாக்டர். இதை உன்னிடம் சொல்ல இத்தனை நாள் ஆகிவிட்டது.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் மலையிறங்கி உன் ஊர் முள்ளுக்குறிச்சிக்கு வருகிறேன். படியிலிருந்து என்னை இறக்க ஆள் வேண்டும். கண்டக்டர் கை நீட்டினாலும் பிடிக்க மாட்டேன். நீ வரும்வரை பஸ் நிற்கட்டும்.

என்றும் நன்றியுடன்,
உன் கேப்டன்