கைப்பிடி உப்பு எத்தனை கிராம்?

அம்மாவுக்கு வணக்கம்.

நான் நலம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? "பரவாயில்லை" என்று எழுதினால் நம்பமாட்டேன்.

சமையல் புத்தகம் எழுதும் மேடத்தின் குறிப்புகளைச் செய்து பார்ப்பதுதானே என் வேலை? உன் எலுமிச்சை ஊறுகாயையும் சேர்த்திருக்கிறார். இருபது பழத்துக்கு மூன்று கைப்பிடி உப்பு என்றாய். கைப்பிடிக்கு இருபது கிராம் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். உப்பு பற்றாமல் ஊறுகாய் நுரைத்து, மூடி பறந்து, அவர் வீட்டிலேயே தயாரிக்கும் பீர் பாட்டில்கள்மேல் தெறித்தது. யாருக்கும் அடியில்லை.

"உங்கம்மாகிட்ட கேக்காம நீயா அடிச்சு விட்டியாப்பா?" என்று சிரித்தார். ஆனால் மாதக் கடைசிக்குள் சரியான அளவு வராவிட்டால் உன் ஊறுகாய் புத்தகத்தில் வராது.

உடனே மூன்று கைப்பிடி அள்ளி, எடை போட்டு எழுது. ஒப்பிட்டுப் பார்க்க உன் ஊறுகாயும் வேண்டும். சோதனைக்கு ஒரு கரண்டி போதும். பெரிய ஜாடியாகவே அனுப்பு.

அடுப்பில் வேலை இருக்கிறது.

உன் மகன்