மேடு ஏற முடியாத வாரம்

பாய்,

டப்பா இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. மூடியைத் திறந்தால் உங்கள் கடைதான். முதலில் யூகலிப்டஸ் தைலம், கொஞ்சம் பொறுத்தால் சாக்லேட். இரண்டு மாதமாகத் திங்கள்தோறும் திறக்கிறேன், வாசனை குறைந்தபாடில்லை. நம் யோகா டீச்சர் முழங்கால் வலிக்குத் தோற்று, திண்டுக்கல்லில் இருக்கும் மகள் வீட்டுக்கு இறங்கிவிட்டார். போகும்போது யோகா வகுப்பின் சாவியையும் இந்த டப்பாவையும் என்னிடம் கொடுத்தார். "சார், ஆசனம் தப்பாப் போனாலும் போகட்டும். சீட்டு எடுக்குறத மட்டும் விட்றாதீங்க" என்றார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவர் வாயிலிருந்து இப்படி ஒரு உத்தரவு வந்ததற்கு நீங்கள்தான் காரணம்.

அது எப்படித் தொடங்கியது என்று உங்களுக்கு நினைவிருக்கும். வட்டக்கானலில் ஒரு மாதம் தங்க வந்த வெளிநாட்டுப் பெண் ஒருத்தி நம் நாயுடுபுரம் ஹாலுக்கு வந்து, வாரத்துக்கு ஒரு சங்கல்பம் இல்லாத யோகா வெறும் உடற்பயிற்சி என்று சொல்லிவிட்டுப் போனாள். டீச்சருக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. அடுத்த திங்கள் கரும்பலகையில் "இந்த வாரம்: கருணை" என்று எழுதியிருந்தது. அதற்கடுத்த வாரம் "விடுதலை". மூன்றாவது வாரம் "பிரபஞ்சம்". கருணையின்போது இரண்டு பேரும், விடுதலையின்போது நான்கு பேரும் தூங்கினோம். பிரபஞ்சத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் நினைவில்லை.

அப்போதுதான் நீங்கள் கால்களை நீட்டிக் குனிந்தபடியே கேட்டீர்கள்: "டீச்சர், கருணைய எங்கிட்டு வச்சு மடக்குறது?"

மறுவாரம் கடையிலிருந்து டப்பாவைக் கொண்டுவந்தீர்கள். சாக்லேட் லேபிள்களின் வெள்ளைப் பின்பக்கத்தைச் சீட்டுகளாக நறுக்கியும் வைத்திருந்தீர்கள். அவரவர் வாழ்க்கைக்கு என்ன வேண்டுமோ அதை எழுதிப் போடுவது, டீச்சர் திங்களன்று கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் படிப்பது, வருவது எதுவானாலும் ஏழு நாள் எல்லோரும் அதைச் சுமப்பது. எழுதியது யார் என்று தெரியக் கூடாது. இந்த இடத்தில் நான் குறுக்கிட்டேன். நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். துப்பறியும் கதைகள் எல்லாவற்றையும் படித்துத் தொலைத்தவன். எழுத்து காட்டிக்கொடுத்துவிடும், ஆகவே எல்லோரும் இடது கையால் எழுத வேண்டும் என்றேன். மூளைக்கும் நல்லது என்று டீச்சர் சேர்த்துக்கொண்டார். நீங்கள் தலையாட்டினீர்கள். ஒரு கணம் சிரித்த மாதிரியும் இருந்தது.

சங்கல்பங்கள் அதன் பிறகுதான் உயிர் பெற்றன. "மருமகள் சமையலைக் குறை சொல்லாத வாரம்." "டூரிஸ்ட்டைத் திட்டாம இருக்கணும்." மே மாதத்தில் இது வந்தபோது வகுப்பே நடுங்கியது. ஒருமுறை, "லைப்ரரி சார் ஒரு வாரம் பேசக் கூடாது."

டீச்சர் அதை வாசித்தபோது எல்லோரும் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்கள். விதி விதிதான். ஏழு நாள் வாயை மூடினேன். அதை எழுதியது செல்விதான் என்று முடிவு கட்டி ஒரு வருஷம் அவளிடம் முகம் கொடுக்கவில்லை. வட்டக்கானலில் விருந்தினர் விடுதியில் அறை சுத்தம் செய்கிறவள், மனதில் பட்டதைப் போட்டு உடைப்பவள், வேறு யார் எழுதியிருப்பார்கள்?

அந்தப் பேசாத வாரத்தில்தான் நான் முதன்முதலாகக் கவனித்தேன். நாம் இரண்டு பேரும் தினமும் வெள்ளனே புறப்பட்டு ஹாலுக்கு அந்த மேட்டில் ஏறுவோம். வழக்கமாக நான் பேசுவேன், நீங்கள் கேட்பீர்கள். அந்த வாரம் நீங்கள் பேசினீர்கள். பேசியதைவிட அதிகமாக நின்றீர்கள். "சார், அந்தக் கொரங்கப் பாருங்க." நின்றோம். "பனி எப்புடி எறங்குது பாருங்க." நின்றோம். "இந்த போர்டுல பெயிண்ட் புதுசா அடிச்சிருக்காங்க போல." அதற்கும் நின்றோம். பிறந்ததிலிருந்து இந்த மலையிலேயே இருக்கிறவர் குரங்குக்கு இவ்வளவு மரியாதை தருகிறாரே, ரசனையான மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். வாயைத் திறக்க முடியாததால் பாராட்டவில்லை.

பிறகு அந்தச் சீட்டு வந்தது. டீச்சர் பிரித்து ஒருகணம் பார்த்துவிட்டுப் படித்தார்: "மேடு ஏற முடியலை."

"ஆழமா இருக்கு" என்றார் வங்கி மேலாளராக இருந்தவர். அவருக்கு எல்லாமே ஆழமாக இருக்கும். செல்வி மட்டும் தன் யோகா விரிப்பை உதறியபடி சொன்னாள்: "ஆழமும் இல்ல ஒண்ணும் இல்ல. யாரோ நெசமாவே ஏற முடியாம எழுதியிருக்காக டீச்சர். யாருன்னு கேளுங்க."

எல்லோரும் சிரித்தோம். கேட்கக் கூடாது என்பதுதானே விதி. நான் எழுந்து, சுவரைப் பார்த்தபடி அவளுக்கு விளக்கினேன். சங்கல்பத்தை இப்படி நேரடியாக எடுத்துக்கொள்ளக் கூடாது, மேடு என்பது நம் அகந்தை, ஏற முடியாமை என்பது அதை உணரும் பக்குவம், இயலாமையை ஒப்புக்கொள்வதே சரணாகதியின் முதல் படி. பத்து நிமிஷம் பேசினேன். எங்கெங்கோ படித்ததெல்லாம் வந்து வரிசையாக நின்றது. நீங்கள் எனக்கு வலப்பக்கத்து விரிப்பில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னீர்கள்: "நல்லாப் பேசுனீங்க சார். எனக்கே இப்பத்தான் புரிஞ்சுச்சு."

அந்த வாரம் முழுக்க வகுப்பார் எல்லோரும் மேட்டின் பாதியில், பாலத்துக் கட்டைச் சுவரில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து இயலாமையை உணர்ந்துவிட்டு மேலே போனோம். பால்காரர் ஏதோ போராட்டம் என்று நினைத்துச் சுற்றிக்கொண்டு போனார். நீங்களும் உட்கார்ந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை டீச்சரிடம், "இது நல்ல சங்கல்பமா இருக்கு, இன்னொரு வாரம் நீட்டிக்கலாமா?" என்று கேட்டீர்கள். ஒருவருக்காக விதியை மாற்றினால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள் என்று எதிர்ப்புத் தெரிவித்தது நான்தான். திங்களன்று வேறு சீட்டு வந்தது. எல்லோரும் நிற்காமல் ஏறினோம். நீங்கள் குரங்கைக் காட்டினீர்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில், கடை ஷட்டரைத் தூக்கப் போனவர் தூக்காமலே உட்கார்ந்துவிட்டீர்கள், பிறகு எழவே இல்லை. இதயம் என்றார்கள்.

டப்பா கைக்கு வந்த அன்று, பழைய சீட்டுகளை டீச்சர் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்ததைப் பிரித்தேன். நாங்கள் யாரும் அவற்றைக் கண்ணால் பார்த்ததில்லை, படிக்கக் கேட்டதோடு சரி. எல்லாம் இடது கைக் கிறுக்கல், கோழி நடந்த மாதிரி. நடுநடுவே சில சீட்டுகளில் மட்டும் முத்து முத்தான எழுத்து. டூரிஸ்ட் சீட்டு அதில் ஒன்று. லைப்ரரி சார் சீட்டும் அந்த எழுத்துதான். "மேடு ஏற முடியலை" அதே எழுத்து.

உங்கள் எழுத்தாக இருக்காது என்றுதான் முதலில் நினைத்தேன். நீங்கள் பில் எழுதித் தந்தால் அதைப் படிக்க உங்களையே கூப்பிட வேண்டியிருக்கும். ஆனால் அந்த எழுத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேன். எங்கே என்பது இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. கடைக்குப் போனேன். கண்ணாடி ஜாடிகளில் ஒட்டியிருக்கும் "முந்திரி", "அத்திப்பழம்", "பிஸ்தா" எல்லாம் அந்தக் கைதான். உங்கள் மகள் எழுதியது என்று இத்தனை வருஷம் எண்ணியிருந்தேன். கல்லாவில் இருந்த அவளிடமே கேட்டேன்.

"நான் எங்க மாமா எழுதுனேன்? அத்தா எழுதுனது" என்றாள். "அத்தாவுக்குப் பொறந்ததுலருந்தே இடது கைதான். பள்ளிக்கூடத்துல அடிச்சு வலதுக்கு மாத்திட்டாங்களாம். யாரும் பாக்காதப்ப இடதுல எழுதும். ஏன் கேக்குறீங்க?"

வகுப்பில் யாரும் தன்னைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க நான் செய்த விதியில், நீங்கள் ஒருவர் மட்டும் உங்கள் சொந்தக் கையால் எழுதியிருக்கிறீர்கள். இதை அவளுக்கு எப்படிச் சொல்வது? சும்மா கேட்டேன் என்றேன். பேசாமல் இருக்க நான் கொஞ்சம் பழகியிருக்கிறேன், உங்கள் தயவில். அன்றைக்கே செல்வியிடமும் போய் மன்னிப்புக் கேட்டேன். ஒரு வருஷம் நான் முகம் கொடுக்காததை அவள் கவனிக்கவே இல்லையாம்.

டப்பாவில் இன்னும் எடுக்காத சீட்டுகள் கிடந்தன. பார்த்திருக்கக் கூடாது, பார்த்தேன். அதிலும் ஒன்று உங்களுடையது: "பக்கத்துல வர்றவுக மூச்சக் கவனிக்கணும்."

இதில் எதை முதலில் போட்டீர்கள் பாய்? இந்த மூச்சுச் சீட்டைப் போட்டுக் காத்திருந்து, வரவில்லை என்று அந்த மேட்டுச் சீட்டைப் போட்டீர்களா? அல்லது அதை நாங்கள் ஞானமாக்கிவிட்டதைப் பார்த்த பிறகு இதையா? முதலில் போட்டிருந்தால் இது கெஞ்சல், பிறகு போட்டிருந்தால் திட்டு. முறை மாறினால் அர்த்தமும் மாறுகிறது. சீட்டில் தேதி போட வேண்டும் என்று ஒரு விதி செய்ய எனக்குத் தோன்றாமல் போயிற்று. "என்ன பாய், முடியலையா?" என்று மேட்டில் ஒருமுறை கேட்டிருந்தால் இந்த ஆராய்ச்சிக்கே வேலையில்லை.

சீட்டை மடித்து மறுபடி உள்ளே போட்டுவிட்டேன். விதிப்படி அது தானாக வர வேண்டும். எட்டு திங்கட்கிழமை ஆகிவிட்டது, இன்னும் வரவில்லை. வராமலே நான் அதைச் செய்துகொண்டிருக்கிறேன். ஹாலில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் காது அந்தப் பக்கம் போய்விடுகிறது. மேலாளருக்கு இடது மூக்கு அடைப்பு. அவருக்கே தெரியாதது எனக்குத் தெரியும்.

இந்தத் திங்கள் செல்வியோடு மேடு ஏறினேன். பாலத்துக்கிட்டே வந்ததும், "அந்த மரத்துல பாசி எப்படிப் பிடிச்சிருக்கு பாரு" என்றேன். நின்றோம். பத்தடி போய், கீழே வீடுகளில் புகை கிளம்புவதைக் காட்டினேன். அப்புறம் ஒரு சுவரைக் காட்டினேன். வெறும் சுவர்.

அவள் இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்தாள். "ஏன் சார், மூச்சு வாங்குதா?"

அகந்தை, பக்குவம், சரணாகதி எல்லாம் வாய்வரை வந்து நின்றன.

"வாங்குது" என்றேன்.

"அதச் சொல்லிட்டு நிக்க வேண்டியதுதான. சோலி ஒண்ணும் ஓடிப் போகாது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க, நானும் வர்றேன்" என்று சொல்லிவிட்டு அவள் கட்டைச் சுவரில் உட்கார்ந்து, பக்கத்தில் எனக்கும் இடம் விட்டாள்.