தொங்குரயிலுக்கு ஆறு நிமிடம்

2007 பெப்ரவரி 3, சனி

இன்று கொப்பியின் மூன்றாவது பக்கம். எழுத்துகள் கோட்டை விட்டு விழாமல் நிற்கின்றன. ‘ஞ’ மட்டும் இன்னும் என்னோடு கோபம். தமிழ்ப் பாடசாலையில் புஸ்பவதி ரீச்சர் இந்த வயதில் எழுத்துப் படிக்க எனக்குக் கடைசி வாங்கில் இடம் தந்து பதினான்கு மாதம். முன் வாங்குகளில் ஏழு வயதுக்காரர். அவர்களுக்கு வீட்டுப்பாடம் பாரம். எனக்குப் பலகாரம்.

மத்தியானம் தேனுஜா போன் எடுத்தாள். எங்கள் நகரத்து இசைக்குழுவில் வியோலா வாசிக்கிறவள். நான் பாடிக் கொடுத்த கசற்றை அவர்கள் எடுத்துக்கொண்டார்களாம்! ஜெர்மனியில் இந்த வுப்பர்டாலில் இருக்கிறவர்கள் கட்டிய மெட்டுகள் ஐந்து, ஒரே இசைத்தட்டில். ஐந்தாவது என்னுடையது. நாற்பத்தெட்டுப் பேர் வாசிப்பார்கள். மே ஒன்பதில் ஒலிப்பதிவு. அன்று என்னுடையது சரிவராவிட்டால் தட்டு நான்கோடு வெளிவரும், வேறு நாள் இல்லை.

பத்தொன்பது வருடம் ஆஸ்பத்திரிச் சலவை வேலைக்குத் தொங்குரயிலில் போய் வந்தேன். ஆற்றுக்கு மேலே தொங்கிக்கொண்டு போகும் அது தண்டவாள மூட்டுகளில் தட்டும். தகிட தகதிமி, தகிட தகதிமி. வளைவில் ஆளைச் சாய்க்கும். அதுதான் மெட்டு.

சரிவராமல் விடமாட்டேன்.

பெப்ரவரி 10, சனி

தேனுஜா வீட்டுக்கு வந்தாள். நான் பாட, அவள் ஐந்து கோடு போட்ட தாளில் எழுதினாள். பாதியில் பென்சிலை வைத்துவிட்டாள்.

“மாமா, கசற்றிலை பாடினது வேறை. இப்ப பாடினது வேறை. எது உங்கடை மெட்டு?”

“ரெண்டும்தான்.”

“நாப்பத்தெட்டுப் பேருக்கு ரெண்டும்தான் எண்டு எழுதேலாது.”

நான் எதையும் இரண்டு தரம் ஒரே மாதிரிப் பாடியதில்லை. ஏன் பாட வேண்டும்? முதல் தரம் பாடியதை விட அடுத்தது கொஞ்சம் நன்றாக வராதா? ஒன்றை எழுதிவிட்டால் மற்றவை எங்கே போகும்?

பெப்ரவரி 11

இன்று பாடியதையே எழுது என்று சொல்லிவிட்டேன். மனம் முழுக்கச் சம்மதிக்கவில்லை. சொன்னது சொன்னதுதான்.

மார்ச் 2, வெள்ளி

என் மெட்டு எழுதிய பிரதி வந்துவிட்டது. இருபத்துமூன்று பக்கம், தாளத்துக்குத் தாளம் கோடு போட்டுப் பிரித்த நூற்றுப்பன்னிரண்டு கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் இலக்கம் போட்டிருக்கிறாள். இலக்கம் எனக்கு முன்பே தெரியும், பஸ் நம்பர் படிப்பித்தது. கட்டத்துக்குள் இருப்பதைத்தான் படிக்க வேண்டும்.

ஏன் படிக்க வேண்டும் என்றும் தேனுஜாவிடம் கேட்டு அறிந்துகொண்டேன். ஒலிப்பதிவு நடத்துகிற திருமதி ஹெல்விக் கண்ணாடி அறைக்குள் இருந்து ஒரு இலக்கம் சொல்வாராம். நாற்பத்தெட்டுப் பேரும் அந்த இடத்துக்குப் போய்விடுவார்களாம். என் மெட்டுக்குள்ளே நான் வழி கேட்டுக்கொண்டு நிற்பதா? எழுத்துப் படித்தவனுக்கு இது மட்டும் ஏலாதா?

மனைவி கமலநாயகி எட்டிப் பார்த்தாள். “நாப்பத்திரண்டு வருசம் பேப்பரிலை மீன் மட்டும் சுத்தின மனிசன், இப்ப எறும்பு ஊருற பேப்பரோடை குந்திக்கொண்டிருக்கிறார்” என்று போனில் தன் தங்கைக்குச் சொன்னாள். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னாள்.

மார்ச் 21

தேனுஜா பிரதியைப் பார்த்து வியோலாவில் வாசித்துப் புதுக் கசற் ஒன்று பதிந்து தந்தாள்; கட்டம் நாற்பது வரை விரல் அதோடு ஓடுகிறது. பிறகு ரயில் போய்விட, விரல் நிலையத்தில் நிற்கிறது.

ஏப்ரல் 18, புதன்

ஒத்திகை.

நாற்பத்தெட்டுப் பேர். வில்லெல்லாம் ஒன்றாக மேலே போய் ஒன்றாகக் கீழே வருகிறது. என் தலைக்குள் இருந்தது இவ்வளவு பெரிதா? நானே இத்தனை நாளும் பார்த்ததில்லையே. பதினோராம் கட்டத்தில் என் வாய் தானாக “அப்பிடிப் போடு” என்றது. முன்னே நின்று கையசைத்து எல்லோரையும் வாசிக்க வைக்கும் நடத்துநர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பத்தரை அடித்ததும், நல்ல இடம் ஒன்றின் நடுவில், எல்லோரும் வாத்தியத்தை வைத்துவிட்டுத் தேத்தண்ணீருக்குப் போனார்கள். அதுவும் பிடித்தது.

தேனுஜா என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். ஒலிப்பதிவு அன்று மூச்சுக்கூடக் கேட்கும் என்றாள். கடைசிச் சுரம் முடிந்தாலும், கதவுக்கு மேல் உள்ளேயும் வெளியேயும் இருக்கும் சிவப்பு விளக்கு அணையும் வரை யாரும் அசையக் கூடாது.

“வாசிக்கேக்கையே நல்லாயிருக்கு எண்டு சொல்லாட்டில், கேக்கிறான் எண்டு அவைக்கு எப்பிடிப் பிள்ளை தெரியும்?” என்றேன்.

“விளக்கு அணைஞ்ச பிறகு சொல்லுங்கோ, மாமா. ஓடிப் போகமாட்டினம்.”

இன்னொரு குறை. அறுபத்துநான்காம் கட்டம், வளைவில் சாயும் இடம். வயலின்காரர் அதைப் பட்டுத்துணி மாதிரி வழுக்க விடுகிறார்கள். அது வழுக்கல் இல்லை, பாரம். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் வந்துவிட்டேன்.

ஏப்ரல் 24

கசற்றைப் போட்டுப் பேசாமல் இருக்கப் பழகுகிறேன். மூன்று தரமும் தோல்வி. கமலநாயகி குசினிக்குள் இருந்தபடியே தீர்ப்புச் சொன்னாள். “அறுபத்தொன்பது வருசம் மூடாத வாய் ரெண்டு கிழமையிலை மூடுமோ? கற்கண்டு தாறன், வாய்க்கை வைச்சுக்கொண்டிருங்கோ.”

மே 6, ஞாயிறு

கற்கண்டோடு ஐந்துக்கு நான்கு தரம் வென்றேன். விரலும் நூற்றுப்பன்னிரண்டு வரை போய்ச் சேர்ந்தது!

மே 9, புதன்

ஒழுங்காக எழுத வேண்டும். ஒன்றும் விடக் கூடாது.

என் முறை பதினொன்றே முக்காலுக்கு வந்தது. ஒரு மணிக்கு வாத்தியக்காரர் எழும்பிவிடுவார்கள், அது அவர்களின் சட்டம். என்னை மண்டபத்தின் பின்பக்கம் இருத்தினார்கள். முதல் தரமும் இரண்டாம் தரமும் பிழையில்லை, உயிரும் இல்லை. எனக்கு எந்த இடம் சரியில்லை என்று திருமதி ஹெல்விக் ஒலிபெருக்கியில் கேட்டார். நான் ஜெர்மனில் அறுபத்துநான்கு என்றேன். நாற்பத்தெட்டுப் பேரும் தாள் புரட்டினார்கள். நான் சொன்ன இலக்கத்துக்கு!

ஆனால் என்ன வேண்டும் என்று சொல்ல ஜெர்மன் போதவில்லை. எழும்பி முன்னே போனேன். ஒரு கையைத் தூக்கி இல்லாத கைப்பிடியைப் பிடித்தேன். கால் அகட்டி, வளைவு வர, உடம்பைச் சாயவிட்டேன். முதலில் பெரிய பாஸ் வாத்தியக்காரர் சிரித்தார். பிறகு கதிரையில் இருந்தபடியே அவரும் சாய்ந்தார். பிறகு எல்லோரும். காலையில் அதே ரயிலில் சாய்ந்து வந்தவர்கள்தானே.

அடுத்த தரம் வந்தது பாருங்கள், அதுதான். மண்டபமே வளைவில் சாய்ந்தது. கற்கண்டு எப்போது கரைந்தது என்று எனக்குத் தெரியாது. கடைசிச் சுரம் நிற்கிறது, சிவப்பு விளக்கும் எரிகிறது. “அப்பிடிப் போடு” என்று என் வாய்.

ஒருவரும் திரும்பவில்லை. அது இன்னும் கொடுமை. ஐயோ, என்ன வேலை பார்த்துப்போட்டன் நான்.

குரல் சரியாகச் சுரத்தின் மேல் விழுந்திருக்கிறது, எடுக்க முடியாது என்றார் திருமதி ஹெல்விக். கடைசிப் பத்துக் கட்டத்தை மட்டும் இரண்டு தரம் திருப்பி வாசித்துப் பார்த்தார்கள். நடுவழியில் ஏறியவர்களுக்கு அந்த ஆட்டம் வரவில்லை. முன் பகுதியோடு ஒட்டாது என்றார் திருமதி ஹெல்விக். மணி பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. மெட்டு ஆறு நிமிடம். தொடக்கத்திலிருந்து ஒரே ஒரு தரம் என்று நடத்துநர் முடிவெடுத்தார்.

நான் பிரதியை எடுத்துக்கொண்டு எழும்பினேன். தேனுஜா வியோலாவோடு பாதி எழும்பினாள்.

“மாமா, உங்கடை மெட்டு. நீங்கள் கேக்க வேண்டாமோ?”

“இருந்தால் திரும்பவும் சொல்லுவன், பிள்ளை. என்னை எனக்குத் தெரியும்.”

வெளியே நடைபாதை. கதவு தடிப்பு, ஒரு சத்தமும் வரவில்லை. கதவில் கையகலக் கண்ணாடி. அதில் நடத்துநரின் கை மட்டும் தெரிந்தது. விளக்கு எரிந்தது. கை இறங்கியது. முதல் கட்டத்தில் விரலை வைத்தேன்.

கசற் இல்லை, வாத்தியம் இல்லை. தாள் மட்டும். தகிட தகதிமி. நாற்பதில் விரல் நிற்கவில்லை. அறுபத்துநான்கில் நான் சாய்ந்தேன். தரை துடைத்துக்கொண்டு வந்தவர் வாளியோடு நின்று பார்த்தார். பக்கம் புரட்டினேன், புரட்டினேன். நூற்றுப்பன்னிரண்டு. நிமிர்ந்தேன். கண்ணாடிக்குள் கை அப்போதுதான் மேலே போய் அசையாமல் நின்றது. நானும் நின்றேன். வாய் நிறையச் சொல் இருந்தது. கற்கண்டு இல்லாத வெறும் வாய்தான். மூடியே இருந்தது.

விளக்கு அணைந்தது.

“அப்பிடிப் போடு” என்று சுவருக்குச் சொன்னேன். வாளிக்காரர் தலையாட்டினார். மணி ஒன்றுக்கு ஒரு நிமிடம் இருந்தது.

ஒக்டோபர் 13, சனி

இசைத்தட்டு தபாலில் வந்தது. ஐந்து மெட்டு. ஐந்தாவதைக் கமலநாயகி போட்டாள், நான் கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன். அறுபத்துநான்கில் சாய்கிறது. கதவுக்கு வெளியே நின்று நான் படித்த அதே வேகம்.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள். “கடைசியிலை ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. அதுதான் ஒரு மாதிரிக் கிடக்கு.”

பின்னேரம் ஐந்து கோட்டுக் கொப்பி ஒன்றை விரித்துக்கொண்டு மேசையில் இருந்தேன். தேனுஜாவைக் கூப்பிடவில்லை, கசற்றும் போடவில்லை. எட்டுக் கட்டம் எழுதி, இரண்டை அழித்தேன். தேத்தண்ணீர் கொண்டுவந்த கமலநாயகி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“என்னப்பா, சத்தத்தைக் காணேல்லை. என்ன செய்யிறியள்?”

“பாடுறன்” என்றேன்.