ஆறு வருடம் அணையாத கணினி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் உடனே வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு சின்னக் கூத்து. பயப்படாதீர்கள், வேலை போகவில்லை. எங்கள் கிடங்கின் மேசைக் கணினிகளை ஓட்டுவது விலைக்கு வாங்கிய மென்பொருள். தினமும் ஒன்றாவது உறைந்து நிற்கும். அணைத்துப் போட்டால் எழுந்துவிடும். கூட்டிப் பெருக்கும் அக்காவுக்கே அந்த வைத்தியம் தெரியும். மூலை அறையில் இருப்பது யூனிக்ஸ் சர்வர், கிடங்கின் கணக்கு முழுவதையும் சுமக்கும் பெரிய கணினி. ஆறு வருடமாக ஒரு நாளும் நின்றதில்லை. அதனால் யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததும் இல்லை.

செவ்வாயன்று, அறை மாற்றுவதற்காக நான்தான் அதை அணைத்தேன். மறுபடி போட்டால், எழுந்ததே தவிர ஒரு வேலையும் செய்யவில்லை. எனக்கு முன் இந்த வேலையில் இருந்தவர், அதை வேலை செய்ய வைக்கக் கையால் தட்டிய கட்டளைகளை எங்குமே எழுதி வைக்காமல் போயிருக்கிறார்.

"ஆறு வருஷமா ஓடினது, உன் கை பட்டதும் எப்படிம்மா நின்னுச்சு?" என்கிறார் மேனேஜர். மூன்று நாளாக அதன் முன்னால் திருதிருவென்று விழித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா, ஓர் உதவி. உங்கள் சர்க்கரை, பிரஷர் எல்லாம் எனக்கு மனப்பாடம். அம்மாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. கேட்டால், "எனக்கென்ன கேடு, கல்லு மாதிரி இருக்கேன்" என்று போனை உங்களிடம் கொடுத்துவிடுகிறாள். இந்த வாரமே அவளை டாக்டரிடம் காட்டுங்கள். தனக்கென்றால் வரமாட்டாள். உங்கள் முழங்காலுக்கு என்று சொல்லுங்கள், வந்துவிடுவாள்.

மேனேஜர் கூப்பிடுகிறார்.

உங்கள் மகள்