பார்த்த கடல், கேட்ட கடல்

1926 மே 3, திங்கள்

புழுக்கம். மேகம் கூடுகிறது, கலைகிறது. பசுந்தாங் கிடங்கில் கருவாட்டு மூட்டைகளைக் கட்டைமேல் ஏற்றியாயிற்று. மழை இறங்கினால் தரை ஈரம் மேலே ஏறும். கூலியாட்களில் பாதிப் பேர் வரவில்லை. கடைவாய்ப் பல் வலி.

தம்பி காசிமைப் பற்றிச் செய்தி இல்லை. நோன்புக்கு முன் மெர்குயித் தீவுகளுக்குக் கருவாடு வாங்கப் பாய்ப்படகில் போனவன். பெருநாளுக்கு வந்துவிடுவேன் என்றான். பெருநாள் போயே மூன்று வாரம் ஆகப்போகிறது. துறைமுக ஆபீசில் அதே குமாஸ்தா, அதே பதில், அதே வெற்றிலை.

மாலை பள்ளிவாசல் லெப்பை வந்தார். ஜமாஅத்தில் பேசிக்கொள்கிறார்களாம். இந்த வெள்ளி ஜும்ஆ முடிந்ததும் காயிப் ஜனாஸா தொழுதுவிடலாமா என்று. உடல் கிடைக்காதவனுக்குத் தொழுகிற மையித்துத் தொழுகை. அது முடிந்தால் காசிம் மனைவி மைமூன் இத்தா இருக்க வேண்டும். நாலு மாசம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது. தம்பி போய்விட்டான் என்று மூத்தவன் நான் வாயால் சொல்ல வேண்டுமாம்.

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். கதவுக்குப் பின்னால் மைமூனின் வளையல் சத்தம் கேட்டது.

மே 4, செவ்வாய்

கடை திறக்கும் முன்பே ஒரு பர்மாக்காரன் நின்றிருந்தான். கோ பா தின். காசிம் போன படகில் துடுப்புப் போட்டவன். கன்னம் ஒட்டிவிட்டது. அவன் பேசியது பர்மியத்தில், நான் தமிழில் எழுதுகிறேன். ஐயா என்பதற்கு அவன் சொல்லும் 'சயா'வை மட்டும் அப்படியே விடுகிறேன்.

படகு மெர்குயிக்குத் தெற்கே பாறையில் மோதி உடைந்ததாம். இவன் ஒரு பலகையைப் பிடித்து மிதந்தான். படகிலேயே குடியிருக்கும் கடல் ஜனங்கள் தூக்கிப்போய், கருவாடு காயப்போடும் ஒரு தீவில் விட்டார்கள். அங்கிருந்து சரக்குப் படகேறி வந்தானாம். மற்றவர்களைப் பார்க்கவில்லை.

சரக்கு விற்க வருகிறவனைச் சோதிப்பது போல்தான் சோதித்தேன். ரேவு ரேவாக, துறை விடாமல் சொல் என்றேன். மோல்மீன், தவாய், மெர்குயி. எங்கே சேறு, எங்கே கிணற்றுத் தண்ணீர் உப்பு, எங்கே நங்கூரம் பிடிக்காமல் இழுபடும், எல்லாம் சரி. அதற்கப்பால் ஒரே புகை. தீவு, இன்னொரு தீவு, நல்ல ஜனங்கள். பிறகு இது:

"ஒரு தீவுக்கு வாசல் இருக்கு, சயா. தண்ணி வடிஞ்சா தொறக்கும், ஏறுனா மூடிக்கும். உள்ள ஒரு குளம், மேல ஆகாசம். அதுக்குள்ள ஒரு ஆளு உசிரோட இருக்கான்."

பார்த்தாயா என்றேன். இல்லை, கடல் ஜனங்கள் சொன்னார்கள் என்றான். இனாம் எதிர்பார்த்து வந்திருக்கிறான் என்று பட்டது. சோறு போட்டுக் கிடங்கில் படுக்கச் சொன்னேன்.

மாடியில் குடியிருக்கும் சாமுவேல் சாரிடம் சொன்னேன். பாளையங்கோட்டைக்காரர், காலேஜ் வாத்தியார், வேதத்துக்காகக் கிரேக்கு படித்தவர். இப்போது பழைய கிரேக்குப் பாட்டுக்காரர்களுக்கு எந்தெந்த ஊர் தெரிந்திருந்தது என்று ஒரு கட்டுரை எழுதுகிறார். யாருக்கு வேண்டுமோ.

உற்சாகமாகிவிட்டார். அந்தப் பாட்டுகளிலும் இதே கதைதானாம். சொந்தக் கடலில் ஒவ்வொரு ஊருக்கும் அடையாளம் உண்டு. இது மணல் ரேவு, இங்கே புறா அதிகம், இங்கே நல்ல குதிரை. கரையோரமாகப் போகிற வரிசையிலேயே வரும், மாலுமி சொல்வது போல். கடல் தாண்டினதும் ஒற்றைக்கண் ராட்சதன். பின்னால் வந்த ஒருவர் உலகம் முழுவதையுமே பாட்டாகக் கட்டி, சூரியன் உதிக்கிற பக்கத்தில் ஒரு தங்கத் தீவை வைத்திருக்கிறாராம். அது நம் பர்மாப் பக்கம்தான் என்று சொல்கிற பண்டிதர்கள் உண்டாம். அந்தத் தங்கத்தில்தான் இருபது வருஷமாகக் கருவாடு விற்கிறேன் என்றேன். சிரிக்காமல் குறித்துக்கொண்டார்.

ஆனால் எனக்கு விஷயம் தெளிந்தது. போன இடத்தில் சேறு இருக்கும், போகாத இடத்தில் தங்கம் இருக்கும். கோ பா தின் மெர்குயிக்கு அப்பால் எதுவும் அறியாதவன்.

மே 5, புதன்

நாலு தூறல். காற்று தெற்கே திரும்புகிறது. இனி பத்துப் பதினைந்து நாள்தான். மழைக்காலம் பிடித்துவிட்டால் ஐப்பசி வரை அந்தத் தீவுகளுக்கு ஒரு படகும் போகாது.

லெப்பையிடம் சரி என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை.

வீட்டில் சொன்னபோது மைமூன் அழவில்லை. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"பெரிய மச்சான், நீங்க போய்ப் பாத்தீங்களா?"

நேரே கடைக்கு வந்துவிட்டேன். கணக்கப்பிள்ளையை வைதேன். கிடங்குப் பூட்டு வாங்கவேண்டும், மறந்துவிட்டேன். சாக்கு தைக்க நூலும்.

மே 6, வியாழன்

சாமுவேல் சார் காலையிலேயே படி இறங்கி வந்தார். மையித்துத் தொழுகைப் பேச்சு காதில் விழுந்ததாம்.

"மரைக்காயரே, அன்னைக்கு நான் பாதிதான் சொன்னேன். அந்தப் பாட்டுல ஒரு ஊரு வருது. ராத்திரி அவ்வளவு சின்னது. மாட்டை ஓட்டிக்கிட்டுத் திரும்புறவனும் புதுசா ஓட்டிக்கிட்டுப் போறவனும் வாசல்லயே பேசிக்கலாமாம். ரொம்ப நாளா அதைக் கட்டுக்கதைன்னாங்க. வடக்க ரொம்பத் தூரம் போனா கோடையில நெசமாவே ராத்திரி அப்படித்தான்."

யாரோ பார்த்து, யார் யாரோ சொல்லி, பாட்டுக்காரர் காதுக்கு வந்திருக்கிறது. பாட்டுக்காரர் அங்கே போகவில்லை, பொய்யும் சொல்லவில்லை. சார் மாடிக்குப் போன பிறகும் நான் தராசுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். பொய் சொல்ல வந்தவன் தங்கம் என்பான், முத்து என்பான். தண்ணீர் வடிந்தால் திறக்கிற வாசல் என்று எதற்குச் சொல்ல வேண்டும்? நான் கேட்ட கேள்விதான் தப்பு. பார்த்ததை மட்டும் கேட்டேன். அவன் காதால் கேட்டதைக் கேட்கவில்லை.

கிடங்குக்குப் போனேன். கடல் ஜனங்கள் சொன்னதை அப்படியே சொல் என்றேன். பாஷை புரியாது, கையால் காட்டினார்கள் என்றான். அப்படியே காட்டு என்றேன். தயங்கினான். சயாவுக்குக் கோபம் வரும் என்றான். வராது என்று சத்தியம் செய்த பிறகு எழுந்தான்.

உள்ளே இருக்கிற ஆளைப் போல நடித்துக் காட்டிச் சிரித்தார்களாம். கோ பா தின் அதைச் செய்து காட்டினான். சூரியன் விழுகிற பக்கம் பார்த்து நின்றான். குனிந்தான். நெற்றியைத் தரையில் வைத்தான். உங்கள் மார்க்கத்தை அவர்கள் கேலி செய்ததை உங்களிடமே எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன் என்றான்.

அந்தப் படகில் காசிம் ஒருவன்தான் தொழுகிறவன்.

ஏன் ஊருக்குக் கொண்டுவந்து விடவில்லை என்றேன். கடைக்காரர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று மெர்குயிப் பக்கமே வர மாட்டார்களாம். நானும் கடைக்காரன்தான்.

லெப்பைக்குத் திருப்தி இல்லை. கடல்காட்டான் கல்லையும் கும்பிடுவான், காற்றையும் கும்பிடுவான், அதையெல்லாம் தொழுகை என்று எடுக்க முடியுமா என்கிறார். இருக்கலாம். எனக்கும் உறுதியில்லை. இந்த வெள்ளி வேண்டாம் என்றேன். முகம் சுருங்கிப் போனார்.

மைமூனிடம் நாளை மெர்குயிக் கப்பலில் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். மீதியைச் சொல்லப் பயம்.

மே 7, வெள்ளி

மெர்குயிக் கப்பல். டெக்கில் கோழிக்கூடை, நங்கப்பி மீன்விழுது ஜாடி, அழுகிற குழந்தைகள். ஜும்ஆ தொழுதுவிட்டு நேரே ஏறினேன். பள்ளிவாசலில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மெர்குயியில் படகு பேசவேண்டும், வடம், பிஸ்கட் டின், காய்ச்சலுக்குக் கொய்னா. கடையைக் கணக்கப்பிள்ளையிடம் விட்டிருக்கிறேன், மனசு அங்கேயும் கிடந்து அடித்துக்கொள்கிறது.

சிரியம் எண்ணெய்க் கிடங்குகள் பின்னால் போயின. ஆறு அகலமாகி நிறம் மாறியது. அஸர் தொழுகை நேரம். பாயை விரித்து மேற்கே நின்றேன். கோ பா தின் எதிரே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து கண் எடுக்காமல் பார்த்தான். கப்பல் ஆடியது, ஒரு தரம் கை ஊன்றிக்கொண்டேன். முடித்து வலப்பக்கம் திரும்பி ஸலாம் கொடுத்தேன், பிறகு இடப்பக்கம்.

அவன் எழுந்து கிட்டே வந்தான்.

"இதையும் காட்டுனாங்க, சயா. கடைசியில இந்தப் பக்கம் திரும்புவான், அந்தப் பக்கம் திரும்புவான்னு. யாரையோ தேடுறான்னு நெனச்சேன்."